எஸ்பிஎல் பேசுகிறது, யூ-பூட் பேசவில்லை: தொலைந்த துண்டை அறிகுறி வழியே தேடுதல்

போர்டு தன் செய்திகளை அனுப்பும் சீரியல் கன்சோலில் ஒரே ஒரு வரி வருகிறது. பூட்லோடரின் முதற்கட்டச் சிறு நிரலான எஸ்பிஎல்லின் பெயர், பதிப்பு, அது கட்டப்பட்ட நாள், நேரம். இதைத்தான் பேனர் என்கிறோம். அதற்குப் பிறகு, இயங்குதளத்தை ஏற்றும் முழு பூட்லோடரான யூ-பூட்டிடமிருந்து ஒன்றும் இல்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் போர்டுகளோடு வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் இந்த மௌனம் பழக்கமானது. 1972-இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் என் அம்மா நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சிப்புகளுக்குத் தங்கக் கம்பி பிணைத்தார். நான் அதே சிப்புகளுக்குள் போகும் மென்பொருள் கோடைப் பார்க்கிறேன். ஒரு கம்பி தவறான இடத்தில் இறங்கினால் அந்தச் சிப் குப்பைக்குப் போகும் என்று அம்மா சொல்வார். என் வேலையிலும் பெரும்பாலான பிழைகள் இடம் தவறியதால் வருபவைதான். நல்லவேளையாக, இங்கே போர்டைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

அறிகுறிகளுக்குப் போகும் முன், போர்டு எழும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம் கோடு ஓடுகிறது. அந்த நேரத்தில் முதன்மை நினைவகமான டிராம் வேலை செய்யாது. சிப்புக்குள் இருக்கும் சிறிய எஸ்ராம் நினைவகம் மட்டும்தான் உண்டு. அதில் அடங்கும் அளவுக்குச் சிறியதான எஸ்பிஎல்லை ரோம் கொண்டுவந்து ஓடவிடுகிறது. எஸ்பிஎல் டிராமை எழுப்பி, யூ-பூட்டைத் தேடி ஏற்றுகிறது. 64 பிட் ஆர்ம் சிப்பாக இருந்தால் பெரும்பாலும் பிஎல்31 என்ற பாதுகாப்பு ஃபர்ம்வேரும் கூடவே ஏற வேண்டும். இத்தனை துண்டுகளும் ஒரே இமேஜுக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கோப்பு முறை கிடையாது, பெயர் சொல்லிக் கேட்க ஆள் கிடையாது. ஒவ்வொரு கட்டமும் அடுத்த துண்டின் இடத்தைத் தானே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. கோடைக் கட்டும்போதே பதித்த எண் முதல் வழி. துண்டுகளை எல்லாம் பொதியாக அடுக்கி முடித்த பிறகு, பொதி கட்டிய கருவியே எஸ்பிஎல்லுக்குள் திரும்பிச் சென்று எழுதி வைக்கும் எண் இரண்டாவது. இமேஜுக்குள்ளேயே ஓர் அட்டவணையை வைத்து, ஓடும்போது அதைப் படித்துக்கொள்வது மூன்றாவது. எந்தப் போர்டு வந்தாலும், எந்தக் கட்டம் எந்த வழியில் தேடுகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்கிறேன். பிறகு ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுகிறேன். கோடு தேடும் இடம் ஒன்று, பொருள் உண்மையில் கிடக்கும் இடம் மற்றொன்று. இரண்டாவது எண்ணைச் சிப்பிலிருந்து திரும்பப் படித்துத்தான் எழுத வேண்டும். "நான் இங்கேதான் எழுதினேன்" என்ற நினைவை நம்பி எழுதக் கூடாது.

அறிகுறி: கன்சோலில் ஓர் எழுத்துகூட வரவில்லை

கம்பி, வேகம், மின்சாரம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ரோம் எஸ்பிஎல்லைக் கண்டுபிடிக்கவில்லை. ரோம் தேடும் இடம் சிப் தயாரானபோதே முடிவாகிவிட்டது, அதை நாம் மாற்ற முடியாது. ராக்சிப் சிப்புகள் எஸ்டி கார்டில் 64-ஆம் செக்டரைப் (ஒரு செக்டர் 512 பைட்) பார்க்கின்றன, அதாவது 32 கேபி. ஐ.எம்எக்ஸ்6 சிப்புகளுக்கு 1 கேபி. ஆல்வின்னருக்கு 8 கேபி, அவற்றில் பிந்தைய சிப்புகள் 128 கேபியிலும் பார்க்கும்.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம், கார்டில் எழுதப் பயன்படும் டிடி கமாண்டின் அலகு. எத்தனை பிளாக் தள்ளி எழுத வேண்டும் என்பதற்கு சீக் 64 என்று கொடுத்துவிட்டு, பிளாக் அளவு 512 பைட்டா 1 கேபியா என்று பார்க்க மறந்துவிடுகிறோம். 1 கேபி என்றால் எஸ்பிஎல் 64 கேபியில் போய் உட்காரும். ரோம் 32 கேபியில் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும். எழுதிய கமாண்டைத் திரும்பப் படிப்பதைவிட, கார்டின் முதல் ஒரு எம்பியைக் கோப்பாக எடுத்து, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்பில் பாருங்கள். எஸ்பிஎல் கோப்பின் முதல் 16 பைட்டுகள் அந்தக் கோப்பில் எங்கே வருகின்றன என்று தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆல்வின்னரில் வேறொரு சிக்கலும் உண்டு. ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை கார்டின் முதல் 17 கேபியை எடுத்துக்கொள்கிறது. 8 கேபியில் எஸ்பிஎல்லை எழுதினால் அட்டவணை சிதையும். பிறகு அட்டவணையைச் சரிசெய்தால் எஸ்பிஎல் சிதையும். இப்படி மாறி மாறிக் கெடுவதைப் பார்த்து கார்டு பழுது என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். 128 கேபியைப் பார்க்கும் சிப்பாக இருந்தால் அங்கே எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய எம்பிஆர் அட்டவணைக்குப் போங்கள்.

அறிகுறி: புதிய இமேஜை எழுதியும் பழைய பதிப்பே எழுகிறது

இது எளிது, ஆனால் மனிதரைப் பைத்தியமாக்கும். போர்டிலேயே பொருத்திய சேமிப்பான இஎம்எம்சி சிப்புக்குள் பொதுப் பகுதி தவிர, பூட்0, பூட்1 என்று இரண்டு தனிப் பகுதிகள் இருக்கின்றன. எந்தப் பகுதியிலிருந்து எழ வேண்டும் என்பதை அந்தச் சிப்பின் 179-ஆம் பதிவு பைட் சொல்கிறது. நீங்கள் பொதுப் பகுதியில் எழுதியிருப்பீர்கள், ரோம் பூட்0-இல் உள்ள பழைய எஸ்பிஎல்லை எடுத்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் அந்தப் பூட் பகுதிகள் படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கும் என்பதால், எழுதும் முன் பூட்டைத் திறக்க வேண்டும்.

கன்சோலில் வரும் இரண்டு பேனர்களின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்பிஎல்லின் பேனரில் ஒரு நேரம், யூ-பூட்டின் பேனரில் ஒரு நேரம் இருக்கும். இரண்டும் ஒரே கட்டுமானத்திலிருந்து வந்தால் சில நொடிகள்தான் வேறுபடும், பெரும்பாலும் அதுவும் இருக்காது. நாள் கணக்கில் வேறுபட்டால் ஒன்று ஓரிடத்திலிருந்தும் மற்றொன்று வேறோரிடத்திலிருந்தும் வருகிறது. எஸ்டி கார்டைச் செருகியிருந்தும் எஸ்பிஎல் இஎம்எம்சியிலிருந்து எழுந்து, யூ-பூட்டைக் கார்டில் எடுக்கும் கலப்பும் இப்படித்தான் பிடிபடும்.

அறிகுறி: எஸ்பிஎல் பேனர் மட்டும், பிறகு மௌனம்

இதற்குத்தான் நான் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். சென்ற ஆண்டு பட்டர்வொர்த்திலிருந்து பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் சனிக்கிழமை மாலை ஒரு போர்டோடு என் மேசைக்கு வந்தான். "அக்கா, மூன்று நாளாகப் பார்க்கிறேன். எஸ்பிஎல் எழுகிறது, யூ-பூட் எழவில்லை. டிராம் பழுதாக இருக்குமோ?" என்றான். அவன் குரலில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது. அன்று அவன் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போக இரவாகும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தப் போர்டில் எஸ்பிஐ ஃபிளாஷ் என்ற சேமிப்புச் சிப் மெமரி முகவரியாகவே தெரியும். அதாவது, சிப்பின் உள்ளடக்கத்தை மெமரியைப் படிப்பது போலவே படிக்கலாம். அங்கே எஸ்பிஎல், யூ-பூட்டின் இடத்தை இரண்டாவது வழியில், அதாவது பின்மன் சிம்பல் வழியில் தெரிந்துகொள்கிறது. யூ-பூட்டோடு வரும் பொதி கட்டும் கருவிதான் பின்மன். எஸ்பிஎல்லின் சி கோடில் "யூ-பூட் துண்டின் இடம்" என்று ஒரு வெற்று மாறியை அறிவித்து வைக்கிறோம். கம்பைலருக்கும் லிங்கருக்கும் அந்த எண் தெரியாது. தெரியவும் முடியாது, ஏனென்றால் அப்போது யூ-பூட்டே கட்டி முடிந்திருக்காது. பின்மன் எல்லாத் துண்டுகளையும் அடுக்கி, ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று கணக்கிட்ட பிறகு, மாறிகளின் பெயரும் முகவரியும் உள்ள எஸ்பிஎல்லின் இஎல்எஃப் கோப்பில் அந்த மாறி எங்கே இருக்கிறது என்று பார்த்து, இமேஜுக்குள் இருக்கும் எஸ்பிஎல்லில் சரியாக அந்த இடத்தில் எண்ணை எழுதுகிறது. கல்யாணப் பத்திரிகையை அச்சடித்து முடித்து, உறையின் மேல் பெயரைக் கையால் எழுதுவது போல.

தம்பியிடம் இரண்டு எண் கேட்டேன். கோடு தேடும் இடத்துக்கு, அவன் கட்டுமானக் கோப்புறையில் தனியாக இருந்த எஸ்பிஎல் பின் கோப்பைத் திறந்தான். என்எம் கருவி மாறியின் முகவரியைச் சொன்னது. அதிலிருந்து எஸ்பிஎல்லின் தொடக்க முகவரியைக் கழித்தோம். கிடைத்த ஆஃப்செட்டில், அதாவது தொடக்கத்திலிருந்து அத்தனை பைட் தள்ளி, ஹெக்ஸ்டம்ப் காட்டியது: 00 00 00 00. "பின்மன் எழுதவே இல்லை, கருவியில்தான் பிழை" என்றான்.

கருவியில் பிழை இல்லை. பின்மன் அந்தத் தனிக் கோப்பைத் தொடுவதே இல்லை. அது எண்ணை எழுதுவது, கடைசியில் கட்டிய முழு இமேஜுக்குள் இருக்கும் எஸ்பிஎல்லில் மட்டும். முழு இமேஜைத் திறந்து அதே இடத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே எண் இருந்தது. அதற்குச் சில பைட்டுகள் தள்ளி பி, எஸ், ஒய், எம் என்ற நான்கு எழுத்துகளும் வரிசையாக நின்றன. இந்தப் பகுதியைப் பின்மன் நிரப்பிவிட்டது என்பதற்கு அது வைக்கும் முத்திரை அது.

கருவி சரியாக எழுதியிருக்கிறது. போர்டில் ஏன் சுழியம்? அவன் பயன்படுத்திய எழுதும் ஸ்கிரிப்டைத் திறந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு போர்டுக்காக யாரோ எழுதியது. அது முழு இமேஜை எழுதவில்லை. தனி எஸ்பிஎல் கோப்பை ஓரிடத்திலும், தனி யூ-பூட் கோப்பை இன்னோர் இடத்திலும் எழுதியது. யூ-பூட் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. எஸ்பிஎல் அதைச் சுழிய முகவரியில் தேடிப் போய், அங்கே இருந்ததை யூ-பூட் என்று எண்ணி ஓடத் தொடங்கியது. உறையில் பெயர் எழுதாத பத்திரிகையைக் கொடுத்தால் வந்தவர் யார் வீட்டுக்குப் போவார்?

ஸ்கிரிப்டில் இரண்டு வரிகளை நீக்கி ஒரு வரியைச் சேர்த்தோம். யூ-பூட் பேனர் வந்தபோது தம்பி ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

இதே அறிகுறியில் இன்னும் சில காரணங்களைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் எட்டு எஃப்கள் வரிசையாகத் தெரிந்தால் அது வேறு செய்தி. பின்மன் எழுத வந்தது, ஆனால் நீங்கள் கேட்ட பெயரில் இமேஜில் துண்டே இல்லை என்று பொருள். இமேஜ் விவரிப்பில் துண்டின் பெயரை மாற்றியிருப்பீர்கள், கோடில் பழைய பெயர் இருக்கும். முழு இமேஜிலும் சுழியமே இருந்து முத்திரையும் இல்லையென்றால், இமேஜ் விவரிப்பில் எஸ்பிஎல்லை அதற்குரிய வகையாகச் சேர்க்காமல், உள்ளே என்ன என்று பின்மன் பார்க்காத வெறும் பிளாப் கோப்பாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெறும் பிளாபுக்கு எந்த இஎல்எஃப் கோப்பு சொந்தம் என்று பின்மனுக்குத் தெரியாது, நாம் சொல்லாவிட்டால் எழுதாது.

எண் இருக்கிறது, ஆனால் ஒரு நிலையான அளவு தள்ளியிருக்கிறது என்றால், இடத்தைச் சொல்லும் முறைகள் கலந்துவிட்டன. ஜோர்ஜ் டவுனில் சிறு இந்தியாவின் நடுவே ஓடும் சாலையை நம்மவர்கள் கடைத்தெரு என்கிறார்கள், பலகையில் லெபோ பாசார் என்று இருக்கிறது. இரண்டு பெயரும் தெரிந்தவருக்குச் சிக்கல் இல்லை. பின்மனிலும் ஒரு துண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் உண்டு. ஆஃப்செட் என்பது அந்தத் துண்டு அடங்கியிருக்கும் உட்பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணுவது. இமேஜ்-பாஸ் என்பது முழு இமேஜின் தொடக்கத்திலிருந்து எண்ணுவது. ஒரே மட்டத்தில் அடுக்கிய இமேஜில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் பிழை தெரியாது. உட்பகுதி ஒன்றைச் சேர்த்த அன்று போர்டு எழாது.

இதைவிட நுட்பமான ஒன்று. எஸ்பிஎல்லுக்குள் இமேஜ்-பாஸை எழுதும்போது பின்மன் அந்த எண்ணோடு எஸ்பிஎல் லிங்க் செய்யப்பட்ட தொடக்க முகவரியைக் கூட்டுகிறது. இன்டெல் வகையான எக்ஸ்86-இல் இமேஜ் 4 ஜிபியின் உச்சியில் முடிவதால் அங்கே கணக்கு வேறு. எஸ்பிஎல் இமேஜின் முதல் பைட்டிலிருந்து தொடங்குகிறது என்ற எண்ணத்தில்தான் இந்தக் கூட்டல் சரியாகிறது. முன்னால் 1 கேபி தலைப்பு வைத்திருந்தால் எண்ணும் 1 கேபி தள்ளும். வித்தியாசம் உருண்டையான எண்ணாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அறிகுறி: எல்லாச் சாதனங்களிலும் தேடிப் பார்த்துத் தோற்றதாக எஸ்பிஎல் சொல்கிறது

மௌனத்தைவிட இது நல்லது. எஸ்பிஎல் தேடிய இடத்தைப் படித்திருக்கிறது, ஆனால் அங்கே தனக்குத் தெரிந்த தலைப்பு இல்லை. எஸ்டி, இஎம்எம்சியில் இது பெரும்பாலும் முதல் வழி, கட்டும்போதே பதித்த செக்டர் எண். ராக்சிப்பில் வழக்கமாக 16384, அதாவது 8 எம்பி. ஐ.எம்எக்ஸ்6-இல் 138, அதாவது 69 கேபி. உங்கள் கட்டமைப்புக் கோப்பில் உள்ள எண்ணைப் பாருங்கள், பிறகு அந்தச் செக்டரின் முதல் நான்கு பைட்டுகளைப் பாருங்கள். பழைய பொதி வடிவமான யூஇமேஜ் என்றால் 27 05 19 56 இருக்கும். புதிய வடிவமான ஃபிட் இமேஜ் என்றால், உரக்கப் படித்தால் "டூட் ஃபீட்" என்று ஒலிக்கும் எண் இருக்கும். எழுத்து ஓவுக்குப் பதில் சுழியங்கள், அவ்வளவுதான். இவை இரண்டும் இல்லையென்றால் இடம் தவறு. இருந்தும் எஸ்பிஎல் ஏற்கவில்லையென்றால், அந்த வகையைப் படிக்கும் வசதி எஸ்பிஎல் கட்டமைப்பில் அணைந்திருக்கிறது.

தலைப்பே இல்லாத பச்சை யூ-பூட்டை எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தலைப்பு இல்லையென்றால் அளவும் தெரியாது. அளவைக் கட்டமைப்பில் கொடுக்காதபோது 200 கேபிக்கு மேல் இருக்காது என்று எஸ்பிஎல் தானாக வைத்துக்கொள்கிறது. இன்றைய யூ-பூட் அதைத் தாராளமாகத் தாண்டும். பாதி ஏறிய யூ-பூட் பேனரை அச்சிட்டுவிட்டு நடுவழியில் சாகும். இடம் சரி, தொடக்கம் சரி, வால் மட்டும் இல்லை. தலைப்போடு கட்டுங்கள், இந்த வகைத் தொல்லையே இருக்காது.

அறிகுறி: ஃபிட் இமேஜ் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் துண்டு கிடைக்கவில்லை

ஃபிட் மூன்றாவது வழி. டிவைஸ் ட்ரீ என்ற மர வடிவில் ஓர் அட்டவணை முன்னால் இருக்கும், துண்டுகளின் தரவு பெரும்பாலும் அட்டவணைக்கு வெளியே, பின்னால் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் டேட்டா-ஆஃப்செட் என்று ஓர் எண் உண்டு. அது எண்ணப்படுவது கோப்பின் தொடக்கத்திலிருந்து அல்ல, அட்டவணை முடியும் இடத்திலிருந்து. அந்த முடிவும் 4 பைட் எல்லைக்கு மேலே தள்ளப்பட்ட பிறகு. கையால் கணக்குப் பார்ப்பவர்கள் பலர் இதை மறந்து இரண்டு மூன்று பைட்டுகள் பிசகுகிறார்கள்.

இன்னொன்று, அட்டவணையில் ஒரு சிறு மாற்றத்துக்காக கட்டி முடித்த ஃபிட் இமேஜான ஐடிபி கோப்பை, டிவைஸ் ட்ரீயைக் கட்டும் டிடிசி கருவியால் பிரித்து, திருத்தி, மீண்டும் கட்டாதீர்கள். டிடிசிக்கு மரம் மட்டும்தான் தெரியும். பின்னால் ஒட்டியிருக்கும் தரவை அது விட்டுவிடும். அட்டவணை அழகாக இருக்கும், அது சுட்டும் இடங்களில் ஒன்றும் இருக்காது.

பிஎல்31 காணாமல் போவதும் இந்த வகைதான். கட்டும்போது அந்தக் கோப்பு கிடைக்காவிட்டாலும் தொடரச் சொல்லியிருந்தால், பின்மன் இமேஜைக் கட்டித் தந்துவிடும். வெளிப்பிளாப் இல்லை, இது ஓடாது என்று எச்சரிக்கையும் தரும், வெளியேறும் எண்ணாக 103-ஐயும் தரும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் கட்டுமானப் பதிவில் அந்த எச்சரிக்கை மேலே போய்விடுகிறது. தானியங்கிக் கட்டுமானம் 103-ஐத் தோல்வியாக எடுத்துக்கொள்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அறிகுறி: எழுகிறது, சில நாள் ஓடுகிறது, ஒருநாள் எழவில்லை

மிகவும் கோபம் வரவைக்கும் வகை இது, ஏனென்றால் சோதனையில் தேறிவிடும். பயனர் ஏதோ ஓர் அமைப்பை மாற்றி, அதைச் சேமிக்கும் சேவ்என்வ் கமாண்டைக் கொடுத்திருப்பார். யூ-பூட் தன் அமைப்புகளின் தொகுப்பான என்விரான்மெண்ட்டை எழுதும் ஆஃப்செட்டும் முதல் வழிதான், பதித்த எண். அந்த எண்ணை முடிவு செய்த காலத்தில் யூ-பூட் சிறியதாக இருந்தது. பிறகு வசதிகள் சேர்ந்து சேர்ந்து அது வளர்ந்து, என்விரான்மெண்ட்டுக்கென்று விட்ட இடத்துக்குள் நுழைந்துவிட்டது. சேவ்என்வ் கொடுத்த நொடியில் யூ-பூட் தன் உடலின் மேலேயே எழுதிக்கொள்கிறது. அப்போது டிராமில் ஓடுவதால் ஒன்றும் தெரியாது. அடுத்த முறை மின்சாரம் கொடுக்கும்போதுதான் தெரியும். ஐ.எம்எக்ஸ்6-இல் எஸ்பிஎல்லுக்கு 1 கேபியிலிருந்து 69 கேபி வரை 68 கேபிதான் உண்டு. அங்கே எஸ்பிஎல் வளர்ந்தால், இரண்டையும் தனித்தனியாக எழுதும் ஸ்கிரிப்டில் பின்னால் எழுதுவது முன்னால் எழுதியதன் வாலை வெட்டும்.

இதற்கு என் தீர்வு, இமேஜ் விவரிப்பிலேயே என்விரான்மெண்ட் பகுதியையும் ஒரு துண்டாகச் சேர்ப்பது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பின்மன் கட்டவே மறுத்துவிடும். பிழை வாடிக்கையாளர் வீட்டில் வெடிக்காமல் கட்டுமான மேசையிலேயே நின்றுவிடும். அதோடு ஃப்டிடி வரைபடம் என்ற துண்டையும் சேர்த்துவிடுவேன். இமேஜில் என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்ற முழு அட்டவணை அது, முன்னால் ஒரு நிலையான முத்திரையோடு இமேஜுக்குள்ளேயே இருக்கும். அது இருந்தால், சிப்பிலிருந்து திரும்பப் படித்த இமேஜின் மேல் பின்மன் எல்எஸ் கொடுத்தால் போதும், பெயர், இடம், அளவு எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஒரு துண்டை மாற்ற வேண்டுமானாலும் டிடியை எடுக்காமல் பின்மன் ரீப்ளேஸ் கொடுக்கலாம். மூன்று நாள் ஒரு மேசையில் உட்கார்ந்த தம்பி இப்போது எந்தப் போர்டைத் தொட்டாலும் முதலில் சேர்ப்பது அந்தத் துண்டைத்தான். தாளில் எழுதும் இரண்டாவது எண்ணை அது அவனுக்கு நேராகக் கொடுத்துவிடுகிறது.